மரப்பொந்தில் ஒரு நீலச் சிலந்தி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையென்றால் குறளையும் சிலம்பையும் கம்பனையும் பற்றிப் பேசுவதே நம் வழக்கம். அவற்றைச் சுவைபடப் பேசவல்ல அறிஞர்கள் எனக்கு முன்னும் பேசினார்கள். எனக்குப் பின்னும் பேச இருக்கிறார்கள். செயற்குழுவினர் என்னிடம் வந்து, பிள்ளைகளுக்கும் பயன்படும்படி உயிர்நூல் தொடர்பாக ஏதேனும் சொல்லுங்கள் என்று கேட்டபோது, சிலந்தியைப் பற்றிப் பேசலாமா என்று வினவினேன். சிலர் நகைத்தனர். ஓர் அம்மையார், "விழா நாளில் அதுவா?" என்றே கேட்டுவிட்டார்.

சிலந்தியை நம் முன்னோர் இழிவாகக் கருதினாரல்லர். திருவானைக்காவில் இறைவன் திருமேனிமேல் சருகு உதிராவண்ணம் வலைப்பந்தல் இட்ட சிலந்தியே மறுபிறப்பில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது என்பது நம் புராணக் கதை. முற்பிறப்பில் யானையோடு கொண்ட பகையை மறவாமல், யானை ஏற இயலாத மாடக்கோயில்களாகவே அவன் கட்டினான் என்பர். காளத்தியின் பெயரிலும் சிலந்திக்கே முதலிடம். பாம்பும் யானையும் அதற்குப் பின்னரே வருகின்றன. ஆகவே சிலந்தி இம்மேடைக்கு அயலானதன்று என்று துணிந்து தொடங்குகிறேன்.

மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் வாழும் நம்மவர், கோடை விடுமுறையில் ஊர் செல்லச் சென்னை மெயில் ஏறிய அனுபவம் உடையவர்கள். சோலாப்பூர், வாடி, ராய்ச்சூர், குண்டக்கல் என்று வண்டி செல்லும். குண்டக்கல்லுக்கு அப்பால் ஒரு நிலையம் வரும். தெலுங்கர் அதனைக் குத்தி என்பர். ஆங்கிலேயர் கூட்டி என்று எழுதினர். குன்றின்மேல் ஒரு பழங்கோட்டை தெரியும். தயிர்ச்சோற்று மூட்டையை அவிழ்க்கும் அவசரத்தில் நம்மில் பலர் அதையும் பார்த்திருக்கமாட்டோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், அவ்வூர்ப் புகைவண்டி நிலையத்து மரக்கிடங்கில் ஒரே ஒரு சிலந்தி அகப்பட்டது. அது லண்டன் அருங்காட்சியகத்துக்குச் சென்றது. அங்கே பணியாற்றிய போக்காக் என்னும் அறிஞர் 1899-இல் அதற்குப் 'பொசிலோதீரியா மெட்டாலிக்கா' என்று பெயரிட்டார். புள்ளியும் வரியும் உடைய விலங்கு என்பது முதற்சொல்லின் பொருள். உலோகம் போல் ஒளிர்வது என்பது இரண்டாவது சொல்லின் பொருள்.

அதே ஆண்டில் அதே அறிஞர் மற்றொரு சிலந்திக்கும் பெயரிட்டார். அது கிடைத்த இடம் எது தெரியுமோ? அரக்கோணம். நாம் ஊருக்குச் செல்லும் ஒரே இருப்புப் பாதையில், ஓரிரவுப் பயணத் தொலைவில், இரண்டு பெருஞ்சிலந்திகள் உலக அறிவியலுக்கு அறிமுகமாயின. அந்த அரக்கோணத்துச் சிலந்தி இன்றும் கிழக்குத் தொடர்ச்சி மலையிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் பரவி வாழ்கிறது. நம் மராட்டிய மண்ணின் காடுகளிலும் அதனைக் காணலாம். குத்தியில் கிடைத்ததன் கதை வேறு.

இவ்வினங்களை ஆங்கிலத்தில் டாரன்டுலா என்கிறார்கள். இத்தாலியில் டாரன்டோ என்னும் ஊரில் வாழ்ந்த வேறொரு சிலந்தியின் பெயர் எப்படியோ கடல் தாண்டி வந்து இவற்றின் தலையில் ஏறிவிட்டது. ஈழத்துத் தமிழர் இவற்றைப் புலிமுகச் சிலந்தி என்பர். அஃது எவ்வளவு பொருத்தமான பெயர்! கடன் வாங்கிய பெயரை விட்டு, அந்தப் பெயரையே நான் இங்கு ஆள்கிறேன். இவை நம் வீட்டு மூலையில் ஒட்டடை பின்னும் சிலந்திகள் அல்ல. விரித்த கை அளவினவும் உண்டு. அதனினும் பெரியனவும் உண்டு. கடித்தால் கடும் வலியும் தசைப்பிடிப்பும் சில நாட்கள் வருத்தும், உயிர் போகாது. மனிதரைத் தேடி வந்து கடிக்கும் இயல்பு அவற்றிற்கு இல்லை. காலடி ஓசை கேட்டவுடன் பொந்துக்குள் மறைவதே அவற்றின் தொழில்.

குத்திச் சிலந்தியின் நிறம் நீலம். மயிற்கழுத்தின் நீலம் என்று சொன்னாலும் சற்றுக் குறைவே. கால்களில் மஞ்சள் திட்டு. முதுகில் வெள்ளைக் கோலம். இந்த நீலம் சாயத்தால் வந்ததன்று. மயிரிழைகளின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுத் திரும்பும்போது பிறக்கும் நிறம் அது. அவ்வழகே அதற்குப் பகையாயிற்று.

பெயரிட்டுப் புத்தகத்தில் எழுதிய பின், நூறு ஆண்டுகளுக்கு மேல் அச்சிலந்தியை எவரும் மீண்டும் காணவில்லை. குத்தியில் தேடியும் பயனில்லை. 2001-இல்தான் அதன் உண்மையான இருப்பிடம் தெரிந்தது. குத்தியிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தொலைவில், நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட மலைக்காடு அது. 1899-இல் பெயர் பெற்ற சிலந்தி காட்டில் வெட்டிய மரத்தோடு வண்டியேறிக் குத்தி வரை வந்த வழிப்போக்கன் போலும்! தன் ஊர் அல்லாத ஊரின் பெயரையே அது இன்றளவும் சுமக்கிறது. பிழைப்புத் தேடி இருப்புப் பாதை வழியே வந்து, வந்த ஊரின் பெயரால் அழைக்கப்படும் நமக்கு இது புரியாத செய்தியா?

கோயம்புத்தூரில் 'ஸூ அவுட்ரீச் ஆர்கனைசேஷன்' என்னும் அமைப்பு உண்டு. அதனைச் சார்ந்த சஞ்சய் மோலூர், மஞ்சு சிலிவால் முதலிய ஆய்வாளர்கள் அக்காட்டிலும் அண்டைக் காடுகளிலும் இரவிரவாகத் தேடினர். அண்டைக் காடுகளில் அச்சிலந்தி அவர்களுக்கு அகப்படவில்லை. அது வாழும் பரப்பு நூறு சதுர கிலோமீட்டருக்கும் குறைவு என்று கணித்தனர். நமது பெருநகர் மும்பையின் பரப்பில் கால் பங்குக்கும் குறைந்த இடம் அது. அந்தச் சிறு இடத்திலும் விறகுக்கும் மரத்துக்கும் கோடரி விழுந்துகொண்டிருந்தது. 2008-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம், முற்றிலும் அழியும் நிலையை நெருங்கிய உயிர் என்று அதனைப் பட்டியலிட்டது.

இனி அதன் வாழ்க்கையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அதை அறியாவிட்டால், வணிகத்தால் வந்த கேட்டின் அளவு விளங்காது.

இச்சிலந்தி மண்ணில் வளை தோண்டி வாழ்வதன்று, மரத்தில் வாழ்வது. எல்லா மரமும் அதற்கு உதவாது. முதிர்ந்து, கிளை முறிந்து, பொந்து விழுந்த மரம் வேண்டும். இளமரத்தில் பொந்து இராது. ஒரு மரம் பொந்து விழும் வயதை எட்டப் பல பத்தாண்டுகள் ஆகும். காட்டிலாகாவினர் கன்று நட்டுவிட்டோம் என்று கணக்குக் காட்டலாம். சிலந்திக்கு அந்தக் கன்றால் தன் பேரன் காலத்திலும் பயனில்லை. பொந்துகள் குறைவாக உள்ள இடத்தில் ஒரே பொந்தில் பல சிலந்திகள் ஒண்டிக் குடியிருக்கும். தாயும் பல்வேறு வயதுக் குஞ்சுகளும் ஒரே கூரையின்கீழ் வாழும். சிலந்திக் குலத்தில் இஃது அரிய பண்பு. தாராவியில் பத்துக்குப் பத்து அறையில் மூன்று தலைமுறை வாழ்ந்ததைக் கண்டவர்கள் இங்கே இருக்கிறீர்கள். இடநெருக்கடி சிலந்தியையும் விடவில்லை.

பெண் சிலந்தி பருவம் எய்தச் சில ஆண்டுகள் ஆகும். அதன்பின் பத்தாண்டுக்கு மேலும் அது வாழக்கூடும். ஆண் அப்படியன்று. பருவம் எய்தியதும் பொந்தை விட்டுப் புறப்பட்டு, மரம் மரமாகப் பெண்ணைத் தேடி அலைந்து, அந்த அலைச்சலிலேயே ஆயுளை முடித்துக்கொள்ளும். பெண் ஒரு முட்டைப் பையில் நூறு முட்டை அளவில் இடும். நூறு குஞ்சா என்று வியக்க வேண்டா. பல்லிக்கும் பறவைக்கும் குளவிக்கும் எறும்புக்கும் போக எஞ்சுவது மிகச் சில. ஒரு தாய் தன் நீண்ட ஆயுள் முழுவதும் பெற்றவற்றுள் இரண்டு குஞ்சுகள் பிழைத்துப் பருவம் எய்தினால் இனம் குறையாமல் நிற்கும். அவ்வளவுதான் அதன் வரவு செலவு.

அத்தகைய காட்டில் ஒரு வேட்டையாளன் நுழைகிறான் என்று வைத்துக்கொள்வோம். அவனுக்கு வலையும் வேண்டா, துப்பாக்கியும் வேண்டா. இரவில் ஒரு கைவிளக்கு இருந்தால் போதும். பெண் சிலந்தி இன்று இருந்த பொந்திலேயே நாளையும் இருக்கும். அடுத்த ஆண்டும் இருக்கும். அந்தி சாய்ந்ததும் இரைக்காகப் பொந்தின் வாயிலில் வந்து அமரும். அவன் பட்டையைப் பெயர்ப்பான், பொந்தை உடைப்பான், தாயை எடுப்பான், முட்டைப் பை இருந்தால் இரட்டை இலாபம் என்று மகிழ்வான். இருபது பொந்துமரங்கள் உள்ள காட்டில் பத்துத் தாய்மாரை எடுத்துவிட்டால், பாதி போயிற்று, பாதி இருக்கிறது என்று கணக்கிட முடியாது. எஞ்சிய ஆண்கள் பெண் இல்லாத மரங்களைச் சுற்றி அலைந்து மடியும். உடைபட்ட பொந்தில் மறுபடி எதுவும் குடியேறாது. எடுத்தவன் சென்றுவிட்டாலும் இழப்பு ஆண்டுதோறும் பெருகும். புலியைக் கொன்றால் தோல் கிடக்கும், எலும்பு கிடக்கும், வழக்கு நடக்கும். சிலந்தி போனால் ஒரு பொந்து வெறுமையாய்க் கிடக்கும். அதைப் பார்ப்பார் யார்?

எடுத்ததைக் கொண்டுசெல்வதும் எளிது. சிலந்தி கத்தாது, நாறாது, வாரக்கணக்கில் உணவின்றி இருக்கும். ஈரப் பஞ்சு வைத்த ஒரு சிறு குப்பி அதற்குப் போதும். சட்டம் என்ன செய்தது என்று கேட்பீர்கள். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் பட்டாம்பூச்சிக்கு இடம் உண்டு; தென்னை நண்டுக்கும் இடம் உண்டு. சிலந்திக்கு நெடுங்காலம் இடம் இல்லை. காப்புக் காட்டில் நுழைந்து எதை எடுப்பதும் குற்றமே. காட்டுயிரை வெளிநாட்டுக்கு அனுப்புவதும் தடுக்கப்பட்டதே. ஆயினும், பெயர் சொல்லிக் காக்கப்படாத உயிரைக் காவலர் எப்படி அடையாளம் காண்பர்?

குத்திச் சிலந்தி இந்தக் காட்டிலிருந்து எந்த அனுமதிச் சீட்டும் இன்றி ஐரோப்பாவையும் அமெரிக்காவையும் அடைந்தது. 'கூட்டி சஃபையர்', அதாவது குத்தி நீலமணி, என்ற கவர்ச்சிப் பெயரும் சூடிக்கொண்டது. தொடக்கத்தில் ஒன்றன் விலை ஐந்நூறு டாலருக்கும் மேலே சென்றது. வளர்ப்போர் விரைவில் அதனைக் கூண்டிலேயே இனம்பெருக்கக் கற்றுக்கொண்டனர். விலை வெகுவாக வீழ்ந்தது. இன்று மேலைநாட்டுக் கண்ணாடிப் பெட்டிகளில் பிறந்து வளரும் குத்திச் சிலந்திகள் ஏராளம்.

இந்த இடத்தில் எதிர்க்கட்சியினர் வாதத்தையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். "நாங்கள் கூண்டில் பெருக்கியதால்தானே விலை வீழ்ந்தது? விலை வீழ்ந்தபின் காட்டில் சென்று திருடுவதற்கு எவனுக்கு ஆசை வரும்? நாங்கள் அன்றோ அதனைக் காப்பாற்றினோம்!" என்பது அவர்கள் வாதம். இதில் உண்மை இல்லாமல் இல்லை. அந்த ஓர் இனத்தளவில், கூண்டுப் பிறப்பு காட்டின்மீது இருந்த சுமையைக் குறைத்திருக்கும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அரிதென்ற ஆசை ஒரு சிலந்தியோடு நிற்பதன்று. நீலம் மலிந்தவுடன், இதுவரை எவனிடமும் இல்லாதது எது என்று அது தேடத் தொடங்கும். அடுத்த காட்டுக்குச் செல்லும். அங்கே மறுபடியும் முதலில் எடுக்கப்படுவது காட்டுத் தாய்தான். கூண்டுப் பரம்பரைக்குப் புது இரத்தம் வேண்டும் என்று பழைய காட்டுக்கே திரும்புவாரும் உண்டு. இனி, கூண்டில் பிறந்தவற்றைக் கொண்டுவந்து நந்தியால் காட்டில் விட்டுவிடலாமே என்பாரும் உளர். எந்தத் தாய்க்குப் பிறந்தது, எதனோடு கலந்தது, என்ன நோயைச் சுமக்கிறது என்று தெரியாத உயிரை, அழியும் நிலையில் உள்ள கூட்டத்தில் கொண்டுபோய்க் கலப்பதைப் பொறுப்புள்ள எந்த ஆய்வாளரும் ஒப்பார். பொந்துமரம் இல்லாத காட்டில் விட்டு ஆவதுதான் என்ன? அத்தனை டாலர் கைமாறியும் அந்தக் காட்டின் ஒரு மரத்துக்கும் ஒரு காவலருக்கும் அதில் காசு வந்ததில்லை.

உலக அளவில் இந்த வணிகம் எவ்வளவு பெரியது என்பதை 2022-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டிற்று. சிலந்தி, தேள் முதலிய குலத்தில் 1,264 இனங்கள் விற்பனைக்கு வந்திருப்பதை ஆய்வாளர் கண்டனர். உலகில் அறியப்பட்ட புலிமுகச் சிலந்தி இனங்கள் ஆயிரத்துக்கும் மேல். அவற்றில் ஏறக்குறையப் பாதி விலைப் பட்டியலில் ஏறிவிட்டது. இவ்வளவு இனங்களுள் பன்னாட்டு உடன்படிக்கையின் காவலைப் பெற்றவை முப்பது அளவே.

இதில் எனக்கு மிகுந்த வருத்தம் தரும் செய்தி ஒன்று உண்டு. அறிவியலே வேட்டையாளனுக்கு வழிகாட்டியாகிவிடுகிறது. ஓர் ஆய்வாளர் புதிய இனத்தைக் கண்டு, ஊரும் காடும் குறித்துக் கட்டுரை எழுதினால், அதை முதலில் ஊன்றிப் படிப்பவன் சிலந்தி பிடிப்பவன். பெயரிட்ட சில ஆண்டுகளிலேயே அது சந்தைக்கு வந்துவிடுகிறது. 2019-இல் மலேசியாவின் சரவாக் காட்டு நீலச் சிலந்தி ஒன்றுக்குப் பெயரிடப்பட்டது. பெயரிடப் பயன்பட்ட சிலந்திகளே அனுமதியின்றிக் காட்டிலிருந்து வந்தவை என்று சரவாக் அதிகாரிகள் குற்றம் சாட்டினர். ஆகவே இப்போது ஆய்வாளர் பலர், கண்ட இடத்தைத் துல்லியமாக எழுதாமல் மறைத்தே வெளியிடுகின்றனர். மறைக்க வேண்டிய நிலை வந்துவிட்டதே என்று எண்ணும்போது அறிவை விரும்பும் எவர்க்கும் மனம் கசக்கும்.

நம் இராமேசுவரத்தைப் பாருங்கள். அத்தீவில் அனுமவிலாசம் என்னும் கோயில் உண்டு. அதன் அருகே மரங்களில் வாழ்ந்த புலிமுகச் சிலந்தி ஒன்றுக்கு, 2004-இல் ஓர் ஆங்கிலேயர் அக்கோயிலின் பெயரையே வைத்தார்: பொசிலோதீரியா அனுமவிலாசுமிக்கா. வழிபடுவோர் நடமாடும் இடத்தில், முதிய மரங்களின் பொந்திலும் பட்டை இடுக்கிலும், எவர்க்கும் தீங்கின்றி அது வாழ்ந்துவந்தது. 2008-இல் அதுவும் அழிவை நெருங்கிய பட்டியலில் சேர்ந்தது. சுற்றுலா பெருகிற்று, விடுதி பெருகிற்று, மரம் குறைந்தது. பிற்பாடு அதே சிலந்தி கடலுக்கு அக்கரையில், மன்னாரிலும் இருப்பது தெரியவந்தது. இக்கரைச் சிலந்தி அக்கரைக்கு எப்படிச் சென்றது என்று வியக்கலாம். கடல் தாழ்ந்து நிலம் ஒன்றாய் இருந்த காலத்தின் நினைவுச் சின்னம் அது என்று கொள்வதே பொருத்தம்.

ஈழத்தில் மாங்குளம் என்னும் ஊரைப் போர்ச் செய்திகளில் கேட்டிருப்பீர்கள். 2009-இல் அங்கே ஊரார் ஒருவர் இறந்த பெருஞ்சிலந்தி ஒன்றை ஆய்வாளரிடம் கொண்டுவந்து கொடுத்தார். தேடியபோது உயிருள்ளவையும் கிடைத்தன. அவற்றுட் சில, அவ்வூர் மருத்துவமனையின் பழைய மருத்துவர் இல்லத்தில் குடியிருந்தன. மரம் போனபின் இடிந்த வீடே அதற்குப் பொந்தாயிற்று. 2012-இல் அது புதிய இனம் என்று அறிவிக்கப்பட்டது. ஆய்வாளர்க்கு வழித்துணையாய் நின்ற காவல் அதிகாரி ஒருவரின் பெயரை அதற்குச் சூட்டினர். மனித முகத்தின் அளவு உள்ள சிலந்தி என்று உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. அந்த ஆரவாரம் சந்தைக்குக் கேட்காமல் இருக்குமா?

இவ்வளவுக்குப் பின்னர்தான் உலகம் சற்று அசைந்தது. 2018-இல் அமெரிக்கா, இலங்கைக்குரிய ஐந்து புலிமுகச் சிலந்தி இனங்களைத் தன் சட்டத்தில் அழியும் உயிர்களாக அறிவித்தது. 2019-இல் ஜெனீவாவில் நாடுகள் கூடியபோது, இலங்கையும் அமெரிக்காவும் முன்மொழிந்து, பொசிலோதீரியாக் குலம் முழுவதையும் வனவுயிர் வணிகம் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்த்தன. இதனால் அனுமதிச் சீட்டு இன்றி எந்த எல்லையையும் அவை கடக்கக் கூடாது என்று ஆயிற்று.

நம் நாட்டிலிருந்து போனதைப் பேசினேன். நம் நாட்டுக்குள் வருவதையும் பேச வேண்டும். இதற்காகவே இந்தப் பொருளை எடுத்தேன் என்று சொன்னாலும் தவறில்லை.

2021 சூலையில் சென்னையில் சுங்க அதிகாரிகள் போலந்து நாட்டிலிருந்து வந்த ஒரு தபால் பொதியைப் பிரித்தனர். பொதியின்மேல் எழுதியிருந்த ஊர் அருப்புக்கோட்டை. உள்ளே வெள்ளித் தாளிலும் பஞ்சிலும் சுற்றிய 107 சிறு குப்பிகள். ஒவ்வொரு குப்பியிலும் உயிருள்ள ஒரு சிலந்தி! மெக்சிகோ முதலிய நாடுகளின் புலிமுகச் சிலந்திகள் அவை என்று அறிஞர் அடையாளம் கண்டனர். உரிய ஆவணம் எதுவும் இல்லாமையால் வந்த வழியே போலந்துக்குத் திருப்பியனுப்ப ஏற்பாடாயிற்று.

நறுமண மல்லிகைக்கும் நூலாலைக்கும் பெயர்பெற்ற சீமையில் மெக்சிகோச் சிலந்திக்கு என்ன வேலை? இங்கே அமர்ந்திருக்கும் அருப்புக்கோட்டைக்காரர்கள் என்னைக் கோபிக்க வேண்டா. அந்தப் பொதி செம்பூருக்கும் வந்திருக்கலாம், முலுண்டுக்கும் வந்திருக்கலாம். கைப்பேசியில் படம் பார்த்து, விரலால் தொட்டுப் பணம் அனுப்பினால், உலகின் எந்தக் காட்டு உயிரும் வாயிற்படிக்கு வரும் காலம் இது. 2025 சூனில் நம் மும்பை விமான நிலையத்தில், தாய்லாந்திலிருந்து வந்த பயணி ஒருவரின் பெட்டியில் நாற்பதுக்கும் மேற்பட்ட விரியன் பாம்புகள் அகப்பட்ட செய்தியை நீங்கள் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள்.

மெக்சிகோவில் நடந்ததும் நந்தியாலில் நடந்ததே. செம்முழங்கால் சிலந்தி என்று ஒன்று உண்டு. திரைப்படங்களில் காட்டப்படும் பெருஞ்சிலந்தி பெரும்பாலும் அதுவே. சாதுவானது, அழகானது என்பதால் பல்லாண்டு காலம் ஆயிரக்கணக்கில் தோண்டி எடுத்து ஏற்றுமதி செய்தனர். 1985-இல் அதனைப் பன்னாட்டுப் பட்டியலில் சேர்க்க நேர்ந்தது. 1994-இல் அதன் குலம் முழுவதையும் சேர்க்க வேண்டியதாயிற்று. நம் பிள்ளை ஒருவன் ஆவணம் இல்லாத குப்பி ஒன்றை வாங்கும்போது, நந்தியாலில் கொள்ளை போனதற்கு நாம் யாரைக் குறை கூறினோமோ அவர்களுடைய இடத்தில் மெக்சிகோக்காரன் கண்ணுக்கு நாம் நிற்கிறோம்.

பிள்ளைகளைக் கடிந்து பேச நான் வரவில்லை. மாடி வீட்டில் நாய் வளர்க்கச் சங்கத்தார் இசைவதில்லை. பூனை வளர்த்தால் அண்டை வீட்டார் முகம் சுளிப்பர். பள்ளியும் தனி வகுப்பும் போக, உயிருள்ள ஒன்றைத் தன் கையால் பேண வேண்டும் என்று ஒரு சிறுவன் விரும்பினால் அவ்விருப்பம் நல்லதே. சிலந்தியைக் கண்டு அலறாமல் அதன் அழகைக் காணும் பிள்ளை, நம்மைவிட ஒரு படி உயர்ந்தவன் என்றே சொல்வேன். அவனை அதட்டி அடக்குவதைவிட, இந்த மும்பையிலேயே அவன் கண்ணுக்கு விருந்து இருப்பதைக் காட்டுவது பெற்றோர் கடன். போரிவலிப் பூங்காவும் ஆரே காடும் சிலந்திகளுக்குப் பெயர் பெற்றவை. மழை தொடங்கியபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வழிகாட்டும் ஆய்வாளரோடு அங்கே செல்லலாம். 1883-இல் இந்நகரில் தோன்றிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இன்றும் கோட்டைப் பகுதியில் இயங்கி, இத்தகைய உலாக்களை நடத்துகிறது. நம் சங்கத்திலிருந்து ஆண்டுக்கு இரு முறையேனும் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம் என்று செயற்குழுவினரை இம்மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். திருவிழாவுக்குப் பந்தல் போடும் செலவில் பத்தில் ஒன்று போதும்.

ஏற்கெனவே வீட்டில் இத்தகைய வெளிநாட்டு உயிரை வைத்திருப்போர் இருக்கலாம். அவர்கள் அஞ்ச வேண்டா; சட்டத்தை மட்டும் அறிந்துகொள்ள வேண்டும். 2020-இல் மைய அரசாங்கம் ஆறு மாதத் தவணை தந்து, வைத்திருப்பதைத் தாமே முன்வந்து அறிவிக்கச் சொன்னது. அத்தவணை முடிந்துவிட்டது. பின்னர் 2022-இல் வனவுயிர்ச் சட்டம் திருத்தப்பட்டு, 2023 ஏப்ரல் முதல் நாள் தொட்டு நடைமுறைக்கு வந்தது. பன்னாட்டு உடன்படிக்கைப் பட்டியலில் உள்ள உயிர்களுக்கெனத் தனி அட்டவணை அதில் சேர்ந்தது. முதன்முறையாகச் சிலந்திக்கும் நம் சட்டத்தில் ஓர் இருக்கை கிடைத்தது. 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி, அந்த அட்டவணை உயிரை வைத்திருப்போர் 'பரிவேஷ்' என்னும் அரசாங்கத் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். புதிதாகக் கைக்கு வந்தால் முப்பது நாளுக்குள் பதிய வேண்டும். குஞ்சு பொரித்தாலும், இறந்தாலும், பிறர்க்குக் கொடுத்தாலும் தெரிவிக்க வேண்டும். விற்பவரிடம் ஆவணம் கேளுங்கள். கூண்டில் பிறந்தது என்று வாயால் சொல்வதை ஏற்க வேண்டா, எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

வளர்க்க முடியவில்லை என்று இரவோடு இரவாகக் கொண்டுபோய் ஆரே காட்டிலோ மாகிம் இயற்கைப் பூங்காவிலோ விட்டுவிடுவது பெருங்கேடு. அயல்நாட்டு உயிர் இங்கே நோயைப் பரப்பும். அல்லது பட்டினியால் மடியும். இரண்டும் வேண்டா. வனத்துறையிடம் ஒப்படைக்கலாம்.

இறுதியாகக் கோயில் திருப்பணிக்குப் பணம் அனுப்பும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். நம்மில் பலர் ஊர்க்கோயிலுக்கு ஆண்டுதோறும் நன்கொடை அனுப்புகிறோம். பணத்தோடு ஒரு கடிதமும் எழுதுங்கள்: திருப்பணியின்போது கோயில் நந்தவனத்து முதுமரங்களை வெட்ட வேண்டா, பொந்து விழுந்துவிட்டது, பட்டுப்போகும் என்று சொல்லி வெட்ட முற்பட்டால், விழும் அபாயம் இல்லாதவரை அதை விட்டுவையுங்கள், பொந்துக்குச் சிமெண்டு பூசி அடைக்க வேண்டா. ஆந்தையும் கிளியும் மரநாயும் அதில் குடியிருக்கும். தெற்குச் சீமையில் சில இடங்களில் புலிமுகச் சிலந்தியும் இருக்கும். பணம் கொடுப்பவர் எழுதினால் தர்மகர்த்தாக்கள் கேட்பர் என்பது நான் அறிந்த உலகியல்.

எனக்குக் கொடுத்த நேரம் கடந்துவிட்டது. திரைக்குப் பின்னால் வேடம் கட்டிய பிள்ளைகள் வியர்த்துக்கொண்டிருக்கிறார்கள். பதிவு செய்யும் முறை பற்றி விவரம் வேண்டுவோர் இடைவேளையில் நூலக மேசைக்கு வந்தால், விண்ணப்பத்தை எப்படி நிரப்புவது என்று உடனிருந்து காட்டுகிறேன்.